வராத வாடகைக்கு வரி: விருத்தாசலம் நகர்மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



சொத்து வரியைக் குறையுங்கள் என்று கேட்டு எழுதப்படும் மடல் இல்லை இது. தெருவிளக்கு எரிய வேண்டும், குப்பை வண்டி வர வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும் என்றால் வரி கட்டித்தான் ஆக வேண்டும். எங்கள் தாத்தா காலத்து ரசீதுகளை இன்றும் பெட்டியில் வைத்திருக்கும் வீடுகள் இந்த ஊரில் ஏராளம். வரி கட்டுவதை மரியாதையாக நினைத்த தலைமுறை அது. அந்த வீடுகளில் இன்று இருப்பவர்கள், அரையாண்டு பிறந்தாலே எந்தச் செலவைத் தள்ளிப்போடுவது என்று கணக்குப் போடும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அதற்குக் காரணம் வரித் தொகை மட்டுமில்லை. எதை அளவுகோலாக வைத்து வரி போடுகிறோம் என்பதிலேயே கோளாறு இருக்கிறது. அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

2022 பிப்ரவரி 19 அன்று நகர்மன்றத் தேர்தலில் உங்களுக்கு வாக்களித்தோம். ஏப்ரல் 1 அன்று தமிழகம் முழுவதும் சொத்து வரிப் பொதுச் சீராய்வு அறிவிப்பு வந்தது. நம்மைப் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. சிறிய வீட்டுக்குச் சிறிய உயர்வு, பெரிய வீட்டுக்குப் பெரிய உயர்வு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சென்னையில் அது நியாயமாகவே இருக்கக்கூடும். அங்கே 2,000 சதுர அடி என்பது வசதியின் அடையாளம்.

நம் ஊரில் அப்படியா? பழமலைநாதர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். வாசலில் திண்ணை. அதைத் தாண்டி ரேழி, கூடம், வெயில் விழும் முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். அடுக்களையைத் தாண்டிப் பின்கட்டு, ஒரு காலத்தில் நெல்மூட்டையும் மணிலா மூட்டையும் அடுக்கிய அறை. ஓடு சரிந்து மழைக்கு ஒழுகுகிறது என்று பாதி அறைகளைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். டேப் பிடித்து அளந்தால் 1,800 சதுர அடியைச் சுலபமாகத் தாண்டும். உள்ளே இருப்பது வயதான கணவன் மனைவி, அல்லது கணவனை இழந்த ஒரு அம்மா. பிள்ளைகள் சென்னையிலோ திருப்பூரிலோ. இந்த வீட்டுக்கு 100 சதவீத உயர்வு. அதே தெருவில் புதிதாக இடித்துக் கட்டிய அடுக்கு வீட்டில், டைல்ஸ் பதித்து ஏசி மாட்டிய 590 சதுர அடிப் போர்ஷனுக்கு 25 சதவீதம். சதுர அடி வசதியை அளக்கிறது என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. இந்த ஊரில் பல இடங்களில் அது வீட்டின் வயதைத்தான் அளக்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. நான்கு அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவான 2,000 சதுர அடி வீடு. அப்பா பெயரிலேயே வரிவிதிப்பு எண். பாகம் பிரிக்கவில்லை, பெயர் மாற்றம் செய்யவில்லை. ஒரே கட்டடமாகக் கணக்கிடுவதால் உயர்வு 100 சதவீதம். அதையே நால்வரும் பாகப்பிரிவினை செய்து, ஆளுக்கு 500 சதுர அடி என்று நான்கு வரிவிதிப்பு எண் வாங்கியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 25 சதவீதம். சுவர் அதேதான், கூரை அதேதான், பயன்படுத்தும் தண்ணீரும் அதேதான். பத்திரச் செலவுக்குக் கையில் காசில்லாத குடும்பமும், அம்மா இருக்கும்வரை பிரிக்க வேண்டாம் என்று ஒன்றாக இருக்கும் குடும்பமும் கூடுதல் வரி கட்டுகின்றன. எல்லைக்கோட்டில் இருப்பவர்களின் பாடும் அப்படித்தான். அரையாண்டுக்கு 800 ரூபாய் கட்டிவந்த இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1,190 சதுர அடி வீட்டுக்கு அது 1,200 ரூபாய் ஆகும். 1,210 சதுர அடி வீட்டுக்கு 1,400 ஆகும். இடையில் இருப்பது ஒரு குளியலறைகூட வராத 20 சதுர அடி.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் வாழ்நாளெல்லாம் அச்சு ஊற்றியவர். கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி, ஓரத்தில் தோல் கட்டும் கனம் பார்த்து, மிச்சத்தைக் கவிழ்த்துவிடும் வேலை. ஒரு நிமிடம் தாமதித்தால் பொம்மை கனத்துவிடும், அவசரப்பட்டால் சூளையில் வெடித்துவிடும். அந்தக் கணக்கு அவர் கையிலேயே இருந்தது. வரி ரசீதை என்னிடம் நீட்டி அவர் கேட்டார்: "ஆண்டு வாடகை மதிப்புன்னு போட்டிருக்காங்களே சார், நான்தானே இந்த வீட்ல குடியிருக்கேன், எனக்கு யாரு வாடகை குடுத்தா?" சட்டப்படி அதற்குப் பதில் இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று அனுமானித்து, அதன்மேல் போடுவதுதான் சொத்து வரி. வாடகை வந்ததா வரவில்லையா என்று சட்டம் கேட்பதில்லை. சுற்றிலும் நிலத்தின் விலை ஏற ஏற அனுமானமும் ஏறும். ஆனால் அந்த விலையேற்றம் அவர் கைக்கு வருவது வீட்டை விற்றால் மட்டுமே. அவர் விற்கப் போவதில்லை. விற்றால் எங்கே போவார்?

அவருக்கு வருவது வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம். அதன் குறைந்தபட்சத் தொகையை 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று மத்திய அரசு நிர்ணயித்தது. விலைவாசியோடு அது ஏற வழியில்லை. சொத்து வரிக்கோ ஏறும் வழியைச் சட்டத்திலேயே போட்டுவிட்டார்கள். 15-வது நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூலும் வளர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அதையொட்டி ஆண்டுதோறும் உயர்த்தும் விதி வந்தது. 2024 செப்டம்பர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது இதன்படிதான். ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறிக்கொண்டே போனால் 12 ஆண்டில் வரி இரட்டிப்பாகும். மாநிலத்தின் வளர்ச்சியோடு வரியைக் கட்டிவைத்தவர்கள், அந்த வளர்ச்சியில் அச்சு ஊற்றியவரின் வருமானத்தைக் கட்டிவைக்கவில்லை.

ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதை நான் அடியோடு எதிர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னை தவிர்த்த நகரங்களில் 2008-க்குப் பிறகு 2018 வரை பொதுச் சீராய்வே நடக்கவில்லை. 2018-ல் உயர்த்தினார்கள். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய நேரத்தில், 2019 நவம்பரில், அதை நிறுத்திவைத்து, கூடுதலாகக் கட்டியதை அடுத்த அரையாண்டுகளில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு 2022-ல் மொத்தமாக இறங்கியது. தேர்தலை நினைத்து வரியைத் தொடாமல் விட்ட ஒவ்வொரு ஆண்டும் மக்களுக்குச் செய்த உபகாரமாகத்தான் பேசப்பட்டது. கடைசியில் அந்தப் பதினான்கு ஆண்டுப் பாக்கியும் ஒரே நாளில் முதியவர்கள் தலையில் விழுந்தது. இனி யாரும் வரியைத் தொட மாட்டோம் என்று வாக்குறுதி தந்து எங்களிடம் வாக்குக் கேட்க வேண்டாம்.

இந்த ஊரின் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கும் களிமண்ணை நம்பி வளர்ந்தது விருத்தாசலத்தின் பீங்கான் தொழில். டாசெல் பீங்கான் நிறுவனம், செராமிக் பாலிடெக்னிக், தொழிற்பேட்டை என்று ஒரு காலத்தில் ஊரே அதைச் சொல்லி நிமிர்ந்து நின்றது. மின்கம்ப இன்சுலேட்டர், பியூஸ் கேரியர், ஜாடி, கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல்விளக்கு. இப்போது பிளாஸ்டிக்கும் சீனப் பொம்மையும் வந்து நிற்கும் சந்தையில், சூளையை அணைக்காமல் வைத்திருப்பதே பெரும்பாடு. 2022 சீராய்வில் தொழிற்கூடக் கட்டடங்களுக்கு உயர்வு 75 சதவீதம். மின் கட்டணமும் அதே ஆண்டு செப்டம்பரில் ஏறியது, அடுத்த ஜூலையில் ஏறியது, அதற்கடுத்த ஜூலையிலும் ஏறியது. பீங்கான் பட்டறைக்கு இடம் அதிகம் வேண்டும். ஊற்றிய சரக்கு உலரப் பலகைகளில் பரப்ப வேண்டும், அச்சுகளைக் காயவைக்க வேண்டும், களிமண் குவிக்கக் கொட்டகை வேண்டும். சதுர அடிக்குச் சம்பாதிக்கும் காசோ மிகக் குறைவு. ஒரு செல்போன் கடை 150 சதுர அடியில் எடுக்கும் லாபத்தைப் பீங்கான் பட்டறை பத்து மடங்கு இடத்திலும் எடுக்க முடியாது. மாநிலம் முழுவதற்கும் ஒரே சதவீதம் என்று எழுதும் கோட்டைக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலரது குடும்பமே அந்த மண்ணைக் கரைத்துத்தான் பிழைத்தது.

அடுத்து, இந்த ஊரின் வசதிகளை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 73 ஆயிரத்துச் சொச்சம். ஆனால் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் இதுதான் டவுன். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல்லும் மணிலாவும் எள்ளும் ஏற்றிக்கொண்டு லாரிகள் வரிசையாக நிற்கின்றன. மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றங்கரையில் கூடும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். வருகிறவர்கள் வரட்டும், அதுதான் இந்த ஊரின் பெருமை, பிழைப்பும்கூட. திருவிழா முடிந்த மறுநாள் குவியும் குப்பையை அள்ளும் செலவும், லாரி ஓடிப் பள்ளமான சாலையைப் போடும் செலவும் நகராட்சி கணக்கில் சேருகின்றன. அந்தக் கணக்குக்கு உள்ளூரில் நிலையாகக் கிடைக்கும் வருமானத்தில் முதன்மையானது எங்கள் சொத்து வரி. இந்தச் செலவுக்குத் தனி மானியம் கேட்டு மன்றம் அரசுக்கு எழுத வேண்டாமா?

ரயில்வேயையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னை–திருச்சி கார்டு லைனும் சேலம்–கடலூர் பாதையும் சந்திக்கும் ஜங்ஷன் நம்முடையது. ஊருக்கு நடுவே ரயில்வேக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு கட்டடம்! அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவுப்படி மத்திய அரசுச் சொத்துக்கு உள்ளாட்சி வரி போட முடியாது. ஆனால் சேவைக் கட்டணம் வாங்கலாம். ராஜ்கோட் மாநகராட்சி தொடர்ந்த வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. வழங்கும் சேவையைப் பொறுத்து, சொத்து வரியில் 75, 50 அல்லது 33⅓ சதவீதத்தைச் சேவைக் கட்டணமாக மத்திய அரசுத் துறைகள் தர வேண்டும். விருத்தாசலம் நகராட்சி இந்தக் கட்டணத்துக்குக் கேட்பு எழுப்பியிருக்கிறதா, எவ்வளவு வசூலாகியிருக்கிறது, எவ்வளவு நிலுவை? மன்றக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து இந்தக் கேள்வியைக் கேட்டாலே எங்களுக்குப் பாதி ஆறுதல். பாட்டியின் ஓட்டு வீட்டில் 400 ரூபாய் நிலுவை என்றால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறுகிறது. பெரிய நிலுவைகள்மீதும் அதே கண்டிப்பு வேண்டும்.

ஊரின் ஓரங்களில் முளைக்கும் புதிய மனைப்பிரிவுகளுக்குச் சாலை, வடிகால், குழாய் கொண்டுபோகும் செலவும் பெரிது. புதிதாக வருபவர்மேல் எனக்குக் கோபமில்லை. வங்கிக் கடனில் வீடு கட்டிக் குடிவந்த இளம் குடும்பத்துக்கும் தண்ணீர் வேண்டும். ஆனால் புதிய வளர்ச்சி உண்டாக்கும் செலவைப் புதிய வளர்ச்சியே ஏற்க வேண்டும் என்ற கொள்கையைத் தமிழ்நாடே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 2007-ல் திருத்தம் செய்து, பெரிய கட்டடங்களிடம் உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிகள் கட்டணம் வாங்கும் ஏற்பாடு வந்தது அதற்காகத்தான். லே-அவுட் போட்டு மனை விற்று லாபம் பார்த்தவர், சாலையையும் வடிகாலையும் உருப்படியாகப் போட்டு ஒப்படைத்தாரா என்று அனுமதி கொடுக்கும்போதே பார்த்துவிட்டால், பிறகு அந்தச் செலவு பழைய வார்டுகளின் வரிப் பணத்துக்கு வந்து சேராது.

பழைய வீட்டுக்குச் சலுகை என்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று யாராவது சொன்னால் டெல்லியைக் காட்டுங்கள். 2004 முதல் அங்கே அலகுப் பரப்பு முறையில் வரி போடுகிறார்கள். கட்டடத்தின் வயதுக்கென்று ஒரு பெருக்கெண் உண்டு. 1960-க்கு முன் கட்டிய வீட்டுக்கு அது 0.5, அதாவது புது வீட்டில் பாதி. சொந்தமாகக் குடியிருந்தால் ஒரு கணக்கு, வாடகைக்கு விட்டால் வேறு கணக்கு. மூத்த குடிமக்களும் பெண்களும் மாற்றுத் திறனாளிகளும் சொந்தமாகக் குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை 30 சதவீதத் தள்ளுபடி. அகமதாபாத்திலும் கட்டடத்தின் வயது வரிக் கணக்கில் சேருகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 55 வயது நிரம்பியவர்கள் சொத்து வரியை ஒத்திவைக்கலாம். வட்டியோடு அது சேர்ந்துகொண்டே போகும், வீட்டை விற்கும்போது கட்டினால் போதும். வரியும் போகவில்லை, வீடும் போகவில்லை.

சலுகை அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கலிபோர்னியாவில் 1978 ஜூனில் மக்கள் வாக்களித்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். வரி, சொத்து மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீடு கைமாறும்வரை வரிக்கான மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வயதானவர்கள் வீட்டை இழக்காமல் தப்பினார்கள். ஆனால் பக்கத்துப் பக்கத்து வீட்டில், ஒரே அளவு வீட்டுக்கு, நேற்று வந்தவர் பழையவரைப் போலப் பல மடங்கு வரி கட்டுகிறார். பெரிய வணிக நிறுவனங்களும் அதே பாதுகாப்பில் ஒதுங்கிக்கொண்டன. அந்த வழி நமக்கு வேண்டாம். ஊரில் முதலில் வந்தோம் என்பதற்காகச் சலுகை கேட்கவில்லை. வருமானமில்லாமல், தன் கைக்கு வராத விலையேற்றத்துக்கு வரி கட்டுகிறவருக்கு மட்டும் கேட்கிறேன். மூன்று வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் பழைய பணக்காரர் முழு வரியும் கட்டட்டும்.

கடைசியாகக் கணக்கு. திருமுதுகுன்றம் என்னும் இந்த ஊரில் இறைவனிடம் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னைச் சுந்தரர் இந்த மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது நம் ஊர் வரலாறு. எடுத்த பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்க அங்கே ஒரு பிள்ளையாரே இருந்தார். அந்த ஆற்றில் இன்று ஊர்க் கழிவுநீர் கலப்பது நம் எல்லார் கண் முன்னாலும் நடக்கிறது. எங்கள் வார்டில் போன ஆண்டு எவ்வளவு வரி வசூலானது, அதில் எவ்வளவு எங்கள் வார்டின் வடிகாலுக்கும் விளக்குக்கும் சாலைக்கும் திரும்பி வந்தது என்று ஒரு தாளில் எழுதி, வார்டு அலுவலகத்திலும் டீக்கடைப் பலகையிலும் ஒட்டுங்கள். 2022-ல் வந்த விதிகளின்படி வார்டுக்குழுவும் பகுதி சபையும் நமக்கு உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலமெங்கும் பகுதி சபைகள் கூடின. அவை தேதிக்குக் கூடிக் கையெழுத்து வாங்கிக் கலைவதோடு நின்றுவிடக் கூடாது. அந்தத் தாளை எங்கள் முன் விரித்து வைத்துப் பேசுங்கள். கணக்குத் தெரிந்தால் மனம் ஆறும், முறையாகக் கட்டவும் தோன்றும்.

விகிதத்தை நிர்ணயிப்பது அரசு, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று உங்களில் சிலர் நேரில் சொல்லியிருக்கிறீர்கள். பாதி உண்மை. சீராய்வுக்கு மன்றத்தின் தீர்மானம் தேவைப்பட்டது. அதே மன்றம் அரசுக்குக் கோரிக்கைத் தீர்மானமும் போடலாம். 30 ஆண்டுக்கு மேலான, உரிமையாளர் தானே குடியிருக்கும் வீட்டுக்கு வயதைக் கணக்கில் எடுத்துக் கழிவு வேண்டும். பாகம் பிரியாத வீட்டில், அதில் வாழும் குடும்பங்களின் எண்ணிக்கையைப் பார்த்துச் சதுர அடி வகை தீர்மானிக்க வேண்டும். வேறு வருமானமில்லாத முதியவர் ஆண்டு உயர்வை ஒத்திவைத்துக்கொள்ள வழி வேண்டும். சிறு பீங்கான் பட்டறையின் உலர்களத்துக்கும் கொட்டகைக்கும் தனி விகிதம் வேண்டும். ரயில்வே சேவைக் கட்டணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இவை தீர்மானமாகக் கோட்டைக்குப் போனால் மற்ற நகராட்சிகளும் எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் இந்தப் பழைய வீடுகள் சிதம்பரத்திலும் இருக்கின்றன, கும்பகோணத்திலும் இருக்கின்றன.

உங்கள் அதிகாரத்துக்குள் இருப்பதும் ஒன்று உண்டு. அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை என்பது இந்த ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. ஆன்லைனில் கட்டத் தெரியாத முதியவர்கள் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் வார்டுக்கு ஒரு நாள் முகாம் போடுங்கள். அங்கேயே அளவு சரிபார்க்கவும், இடிந்த பின்கட்டைக் கணக்கிலிருந்து எடுக்கவும், பெயர் மாற்ற மனு வாங்கவும் ஒரு மேசை இருக்கட்டும். அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் இந்தத் தீர்மானம் இடம்பெறும் தேதியைச் சொல்லுங்கள். அச்சு ஊற்றிய அந்தப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு பார்வையாளர் இருக்கையில் வந்து உட்காருகிறோம்.

அன்புடன்,
விருத்தாசலத்தின் பழைய வீட்டுக்காரன் ஒருவன்